வெள்ளாற்றங்கரைப் பேரீச்சை

அஸ்லாமின் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தப் பரணைக் காலி செய்தார்கள். இல்லாவிட்டால் அந்தச் சாமான்கள் இன்னும் பத்து வருஷம் அங்கேயே கிடந்திருக்கும்.

அஸ்லாம் நஜ்முன்னிசாவின் கொழுந்தன். அவள் புருஷன் மீரான் தம்மாமில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சேல்ஸ்மேன். தொண்ணூற்றைந்தில் லப்பைக்குடிக்காட்டை விட்டுப் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். வரும்போதெல்லாம் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் ஏதாவது ஒரு மெஷின் வரும். தெருவே கூடி நின்று பெட்டி பிரிப்பதைப் பார்க்கும். ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்து அது பரணுக்குப் போய்விடும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த பத்தாம் நாள், வெள்ளையடிக்கிற ஆள் பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தான். நஜ்முன்னிசா வாங்கி வாங்கி முற்றத்தில் வைத்தாள். கையில் வாங்கும்போதே ஒவ்வொன்றும் அதனதன் வருஷத்தோடு வந்தது.

முதலில் வந்தது ஜூஸ் மிக்சி. அந்த ஊர் கரண்டு வேறு, நம்மூர் கரண்டு வேறு என்று யாருக்குத் தெரியும்? பிளக்கைச் சொருகியதும் விருந்தாளிகள் முன்னால் 'டப்' என்று புகைந்து, ஆரஞ்சுச் சுளை கூரையில் போய் ஒட்டியது. அடுத்து வீடியோ டெக். படம் போடுகிற வேலையை ஒரு வருஷத்தில் நிறுத்திவிட்டாலும் அதன் நெற்றியில் பன்னிரண்டு மணி என்ற எண் மட்டும் பச்சையாக மின்னிக்கொண்டே இருக்கும். இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து அதற்குச் சரியான நேரம் வைக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு போன் வந்தால் தானே எடுத்துப் பேசுகிற பெட்டி. மீரானின் உம்மாவான மாமி எழுந்து வருவதற்குள் அது, "ப்ளீஸ் லீவ் எ மெசேஜ்" என்று சொல்லிவிடும்.

"வூட்டுக்குள்ள எவளோ வெள்ளைக்காரி பூந்துட்டா" என்று மாமி முதல் நாள் அலறியது நஜ்முன்னிசாவுக்கு இன்னும் காதில் இருந்தது. மீரானே தம்மாமிலிருந்து மூன்று தடவை போன் போட்டு, மூன்று தடவையும் அந்த வெள்ளைக்காரியோடு பேச முடியாமல் வைத்துவிட்டார்.

கடைசியாக, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் இறங்கியது. பேசப் பேச ஏறி இறங்கும் பச்சையும் சிவப்புமான விளக்கு வரிசை அதற்கு உண்டு. கல்யாணமான புதிதில் அவர் கேசட்டில் பேசி அனுப்புவார், அவளும் பேசி அனுப்புவாள். பேச்சு நடுவில் நின்றுபோகும்போது அந்த விளக்குகள் கீழே ஒற்றைப் பச்சைக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்ததும் பதறி, "அப்புறம்... கோழி முட்டை வச்சிருக்கு" என்று எதையாவது சொல்வாள். விளக்கு ஏறும். அந்தக் கேசட்டுகளை மட்டும் தனியே எடுத்து பீரோவில் வைத்தாள்.

மறுநாள் பழைய இரும்பு எடுக்கிற பாவாடை என்பவன் சைக்கிளோடு வந்தான். சாமான்களைக் காலால் நகர்த்திப் பார்த்தான்.

"இதுல இரும்பே இல்லீங்களேம்மா. அம்புட்டும் பிளாஸ்டிக்கு. எல்லாத்துக்கும் சேத்து ஒரு கொடம் தரேன்."

"பன்னெண்டு சாமானுக்கு ஒரு கொடமா?"

"பெரிய கொடமாவே தரேன்."

எட்டு வருஷம் ஒரு மனுஷன் பாலைவனத்தில் கிடந்து தூக்கிவந்தது ஒரு பிளாஸ்டிக் குடமா? நஜ்முன்னிசாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "வேணாம், நீ போ" என்றாள்.

அன்று மத்தியானம் புஷ்பவல்லி வந்து சேர்ந்தாள். உள்ளூர் ஹைஸ்கூலில் பத்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்சு. பெரம்பலூரில் ஸ்டெபிலைசர் செய்கிற பட்டறையில் எட்டு வருஷமாக, ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டுகிற சால்டர் வைக்கிறாள். கல்யாண வேலைக்கென்று ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். பர்ஸை மறந்தாலும் டெஸ்டரை மறக்காதவள். வெங்காயம் உரிக்க உட்காரச் சொன்னால், அவள் முற்றத்துச் சாமான்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஸ்குரூவைக் கழற்றுவதும் ஒயரைத் தொட்டுப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போனது.

"நஜ்மு, இங்க வாயேன். ஒரு கூத்தப் பாரு."

போய்ப் பார்த்தாள். மோட்டாரெல்லாம் செத்துக் கிடந்தன. ஆனால் புஷ்பவல்லி கரண்டு கொடுத்து எதைத் தொட்டாலும் அதிலிருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. டெக்கில் பன்னிரண்டு மணி மின்னியது. கொசு அடிக்கிற பெட்டி ஊதா நிறத்தில் எரிந்தது. கார்ட்லெஸ் போனின் எண்களெல்லாம் மஞ்சளாகின.

"இந்தக் காலத்துச் சாமான் இவ்வளவுதான்டி" என்றாள் புஷ்பவல்லி. "வேல செய்யறது நின்னுபோயிடும். வேல செய்யற மாதிரி காட்டிக்கிறது மட்டும் நிக்காது."

இருவரும் பள்ளிக்கூடத்தில் சிரித்த மாதிரி சிரித்தார்கள்.

பிறகு புஷ்பவல்லி டெக்கின் மூடியைத் திருப்பினாள். சிரிப்பு நின்றது. "இத முன்னாடியே யாரோ பிரிச்சிருக்காங்க நஜ்மு. கம்பெனி சால்டர் இப்படி இருக்காது. இது யாரோ கையால வச்சது." இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் அதே கை. டெக் மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மேலே அரபியில் ஒரு வரி, கீழே இங்கிலீஷில் 'ரிட்டர்ன்' என்று முத்திரை.

நஜ்முன்னிசா அந்தச் சீட்டை உரித்துக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். வாங்கினவர்கள் பழுதென்று திருப்பிக் கொடுத்த சாமான்கள். அதை யாரோ உட்கார்ந்து சரிபண்ணிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். யாரென்று அவளுக்குத் தெரியாமலா போகும்? புஷ்பவல்லி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மூடியை மாட்டினாள். கொஞ்ச நேரம் இருவரும் வெங்காயம் உரித்தார்கள்.

"இதையெல்லாம் வச்சு வாசல்ல எதையாவது எரிய வுடுவோமா? கல்யாண வூடு பாரு" என்றாள் நஜ்முன்னிசா திடீரென்று.

புஷ்பவல்லி ஒரு ஆள் பொம்மை செய்யலாம் என்றாள். டெக்குதான் தலை, டூ-இன்-ஒன் நெஞ்சு. திண்டில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தார்.

"உருவமெல்லாம் வாசல்ல வைக்கப்படாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்து பாத்தா என்னா சொல்லுவாரு?"

"மரம் வைக்கலாமா மாமி?"

"மரம் வைக்க யாரு வேணாங்குறா?"

அப்படித்தான் பேரீச்ச மரம் முளைத்தது. பந்தலுக்கு வந்திருந்த மூங்கிலில் ஒன்றை வாசலில் நட்டார்கள். டெக், ஜூஸ் மிக்சி, எமர்ஜென்சி லைட் என்று கூடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டியதில், பேரீச்ச மரத்துக்குரிய செதில் செதிலான அடிமரம் தானாக வந்துவிட்டது. பூசணம் பிடித்த வீடியோ கேசட்டுகளை உடைத்து, பழுப்பு நாடாவைக் கம்பியில் கோத்து ஓலை செய்தார்கள். ஒவ்வொரு ஓலையின் அடியிலும் ஒரு ரிமோட். குருத்தில் டூ-இன்-ஒன். அதன் விளக்கு வரிசையிலிருந்து புஷ்பவல்லி ஒயர் இழுத்து, குலை குலையாகச் சிவப்பு பல்புகளைத் தொங்கவிட்டாள். பட்டறையிலிருந்து, கரண்டைக் குறைக்கிற ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரும் வாங்கி வந்தாள். தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்கிற கடிகாரத்தை மட்டும் நஜ்முன்னிசா மரத்தில் சேர்க்கவில்லை. அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

போன் பேசுகிற பெட்டி அடிமரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில். பட்டனை அமுக்கினால் வெள்ளைக்காரி மெசேஜ் கேட்பாள். நாம் ஏதாவது சொன்னால் குரலுக்குத் தகுந்தபடி குலைகள் கீழிருந்து மேலாக எரியும். உள்ளே நாடா கிடையாது, அதனால் எதுவும் பதிவாகாது. அஸ்லாம் ஓர் அட்டையில் எழுதி மாட்டினான்: 'மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கரண்டு ஊற்றவும். மணி எப்போது கேட்டாலும் பன்னிரண்டு.'

வியாழக்கிழமை காலையில், தம்பி கல்யாணத்துக்கு லீவு போட்டு, மீரான் வேனில் வந்து இறங்கினார். பகல் வெளிச்சத்தில் மரம் ஒரு குப்பைக் கம்பம்போலத்தான் நின்றது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார், நின்றார், அண்ணாந்தார்.

"இது நம்ம டூ-இன்-ஒன்னுல்ல?"

"ஆமாண்ணே, அண்ணியும் புஷ்பாக்காவும் செஞ்சது" என்றான் அஸ்லாம். "எல்லாம் நீங்க கொண்டாந்த சாமான்தான். நல்லாருக்குல்ல?"

"ம்" என்றார். அடிமரத்தில் டெக்கின் ஓரத்தைப் பிடித்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒருமுறை அமுக்கினார். பிறகு உள்ளே போய்விட்டார். நஜ்முன்னிசா கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த அட்டைப்பெட்டியை அவர் அன்று பிரிக்கவில்லை. தெருப்பிள்ளைகள் காத்திருந்துவிட்டுப் போனார்கள். கல்யாண வேலை தலைக்குமேல் இருந்தது, தனியாகப் பேச நேரமில்லை என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை இருட்டுகிற நேரம், மஃரிப் தொழுகை முடிந்ததும் மரத்துக்கு கரண்டு கொடுத்தார்கள். நாடா ஓலைகள் காற்றில் மினுமினுத்தன. தெரு அப்படியே வந்து சாய்ந்தது. பெண்வீட்டு ஆட்கள் சீரோடு வந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மரத்தைச் சுற்றினார்கள்.

"மீரான் பாய் கடையே காய்ச்சுத் தொங்குதுங்க!" என்று ஒருவர் சொல்ல, பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குக் குலைகள் உச்சிவரை ஏறி எரிந்தன. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். நஜ்முன்னிசா கண்ணால் புருஷனைத் தேடினாள். பந்தல் காலுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டிய சிரிப்போடு நின்றிருந்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு உம்மு சல்மா பட்டனை அமுக்கினாள். அவள் புருஷன் ஜித்தாவில் டிரைவர்.

"ப்ளீஸ் லீவ் எ மெசேஜ்" என்றாள் வெள்ளைக்காரி.

"என்னாத்தச் சொல்ல?" என்று சுற்றிப் பார்த்தாள். பெண்கள் தள்ளினார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனாள். "ஏங்க, சின்னவனுக்குப் பல்லு மொளச்சிருச்சு. ரெண்டு பல்லு. உங்கள மாதிரியே கடிக்கிறான்."

கொல்லென்று சிரிப்பு. குலை ஏறியது. அடுத்து ஒரு பெரியவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனுக்குக் கத்துகிற மாதிரியே கத்தினார்: "ஏ ரபீக்கு! வருஷம் மூணாச்சுடா! ஊடு கட்டினது போதும், வா!" குவைத்தில் இருக்கிற மகன். இதற்கு யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கத்தலுக்குத்தான் மரம் முழுசாக எரிந்தது.

அதற்குப் பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். தலைவலி தைலம் அனுப்பச் சொன்னவள், மாமியாரைப் பற்றி மாமியார் எதிரிலேயே கோள் சொன்னவள், ஒன்றும் சொல்லத் தெரியாமல் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓடிய புதுப்பெண். கேட்கிறவன் ஒருவனும் அங்கே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பேசினார்கள்.

"நீ சொல்லு நஜ்மு. நீதானே நட்டவ" என்று உம்மு சல்மா இவளைப் பிடித்து இழுத்தாள்.

நஜ்முன்னிசா பட்டனை அமுக்கினாள். வெள்ளைக்காரி கேட்டு முடித்தாள். குலைகள் ஒவ்வொன்றாக அணைந்து இறங்கி, கடைசியில் ஒற்றை விளக்கு மட்டும் நின்றது.

"சாப்டீங்களா?" என்றாள்.

எட்டு வருஷமாக ஒவ்வொரு போனிலும் அவள் முதலில் கேட்டது அது. அதைக் கேட்டு அவர் பதில் சொல்வதற்குள் பாதி நிமிஷம் போய்விடும்.

கூட்டம் சிரித்தது. "ஒம் மாப்புள்ள இங்கதான் நிக்கிறாரு, நேரா கேளேன்!" என்றார்கள். திரும்பிப் பார்த்தாள். பந்தல் காலுக்குப் பக்கத்தில் மீரான் இல்லை.

மறுநாள் நிக்காஹ் நல்லபடி முடிந்தது. திங்கட்கிழமை வலீமா விருந்தும் முடிந்து, மூன்று மணி வாக்கில் வீடு ஓய்ந்தது. கொல்லைப்புறத்தில் வாடகைப் பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்த நஜ்முன்னிசாவிடம் மீரான் வந்தார். ஒரு பெரிய தவலையின் மேல் உட்கார்ந்தார்.

"டெக்க தொறந்தீங்களா?"

"தொறந்தோம்."

"சீட்டு இருந்திச்சா?"

"இருந்திச்சு."

அவர் கொல்லை முருங்கையைப் பார்த்தபடி சொன்னார். "நா சேல்ஸ்மேன் இல்ல நஜ்மு. ஒருநாளும் இருந்ததில்ல. கடைக்குப் பின்னாடி குடோனு. அங்க பெட்டி தூக்குறேன். ஜனங்க திருப்பிக் குடுத்த சாமானெல்லாம் அங்கதான் வந்து குமியும். தூக்கிப் போடச் சொல்லுவாங்க. நா கேட்டு வாங்கிக்குவேன். பக்கத்து ரூம்ல கராச்சிக்காரன் ஒருத்தன், மெக்கானிக்கு. அவன்கிட்ட சால்டர் வைக்கக் கத்துக்கிட்டேன். லீவுக்கு மூணு மாசம் இருக்கறப்பவே ஆரம்பிச்சிருவேன். எரியும், ஓடும். ஆனா ரொம்ப நாள் ஓடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்."

"ஏன் சொல்லல?"

"வெறுங்கையோட வர முடியுமா? தெருவே வாசல்ல நிக்குது." தவலை மேல் விழுந்திருந்த முருங்கை இலையைத் தட்டிவிட்டார். "முந்தாநாள் எல்லாரும் சிரிக்கறப்ப, நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் தொங்கவிட்டுருக்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் தொங்கவிட்டேன்" என்றாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பாவாடை அம்புட்டுக்கும் ஒரு கொடம் தரேன்னான். மூணு மாசம் உக்காந்து நீங்க கையால வச்சது அது. ஒரு கொடத்துக்குக் குடுக்க மனசு வரல. அதுக்குத்தான்."

மீரான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் புஷ்பவல்லி, ஊருக்குக் கிளம்புகிறவள், பையோடு கொல்லைக்கு வந்து நின்றாள். காதில் விழுந்திருக்கிறது.

"அண்ணே, அந்த சால்டரு நீங்க வச்சதா? கோவிச்சுக்காதீங்க, பொங்கலுக்கு வெல்லம் போட்ட மாதிரி உருண்ட உருண்டயா வச்சிருக்கீங்க. எங்க பட்டறையில வச்சா மொத நாளே வூட்டுக்கு அனுப்பிருவாங்க."

மீரான் அசந்துபோனார். பிறகு தவலை குலுங்கச் சிரித்தார். ஊருக்கு வந்து ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு. "ஒனக்குத் தெரியுமா, அங்க சால்டர் அயர்ன் சூடே ஏறாது, அவ்வளவு ஏசி!" என்று அவர் ஆரம்பிக்க, இருவரும் வாசலுக்குப் போய் டெக்கின் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். புஷ்பவல்லி நாலு மணி பஸ்ஸை விட்டாள், ஐந்து மணி பஸ்ஸையும் விட்டாள்.

மரம் அந்த லீவு முழுக்க இருந்தது. தெருப்பெண்கள் தங்கள் வீட்டுப் பரண்களிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். பேசாத பேசும் பொம்மை, சுத்தாத மசாஜ் பெல்ட், ஒரு பக்கம் மட்டும் ஊதுகிற ஹேர் டிரையர். மீரான் எல்லாவற்றிலும் விளக்கை மட்டும் உயிர்ப்பித்து மாட்டினார். பொங்கலுக்குப் பிறகு குன்னத்தில் ஒரு கல்யாணத்துக்கு மரத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே பெய்த திடீர் மழையில் டூ-இன்-ஒன் நனைந்து நின்றுபோனது. டிரான்ஸ்பார்மரை புஷ்பவல்லி எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு சீசன் காய்த்த மரம். இப்போது பெரம்பலூரில் எந்தக் கடைக்குப் போனாலும் எல்லாச் சாமானும் கிடைக்கிறது, கையிலேயே போன் இருக்கிறது. பெட்டி பிரிப்பதைப் பார்க்க யாரும் வந்து நிற்பதில்லை. உம்மு சல்மா மட்டும் எப்போதாவது, "அந்த மரம் இருந்தா நல்லாருக்கும் நஜ்மு, இந்தப் போன்ல அப்படிப் பேச முடியல" என்பாள்.

அந்த லீவு முடிந்து மீரான் கிளம்பிய நாள், நஜ்முன்னிசா அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்றாள். அதுவரை எந்த லீவிலும் அவள் வாசற்படியோடு சரி. ஆண்கள்தான் வேனில் போய் வழியனுப்பிவிட்டு வருவார்கள். மாமி ஏதோ சொல்ல வந்து, இவள் பர்தாவை மாட்டிக்கொண்ட வேகத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டார்.

மெட்ராஸ் ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். அஸ்லாம் புத்தகக் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டான். பிளாட்பாரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். சிமெண்டுத் தூள் படிந்த வேப்பமரம். சைடிங்கில் சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு டீயும் மெதுவடையும் வாங்கினார்கள்.

அவர் தன் ரூமைப் பற்றிச் சொன்னார். மூன்றடுக்குக் கட்டில், நடு அடுக்கு அவருடையது. உட்கார்ந்தால் தலை இடிக்கும். மேலடுக்கு மலையாளி தூக்கத்தில் லாட்டரி நம்பர் சொல்வான். குடோனில் ஒரு பூனை அட்டைப்பெட்டியில் குட்டி போட்டதும், அந்தப் பெட்டியை மட்டும் அனுப்பாமல் ஒரு மாதம் ஒளித்துவைத்ததும் சொன்னார். அவள் தொண்ணூற்றெட்டில் வெள்ளாற்றில் தண்ணீர் தெருமுனை வரை வந்ததைச் சொன்னாள். போனில் சொல்லாமல் விட்டது. மகள் பஹ்மிதாவுக்குக் காய்ச்சல் முற்றி பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்ததையும் சொன்னாள். அதுவும் சொல்லாமல் விட்டதுதான். அவர் டீ கிளாசைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் மீரான் ஒரேயடியாகத் திரும்பிவந்து, இப்போது தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் நஜ்முன்னிசாவுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்போல இன்னொன்று அமையவில்லை. ரயில் இன்னும் கொஞ்சம் லேட்டாகட்டும் என்று அன்றைக்கு வெட்கமில்லாமல் துஆ செய்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ரயில் வந்தது. அது எந்தப் பக்கமிருந்து வந்ததென்றுகூட அவள் கவனிக்கவில்லை. அவர் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கையை நீட்டினார். ரயில் போகும் என்று தான் நினைத்த பக்கத்தில் நஜ்முன்னிசா நாலடி முன்னால் போய் நின்றுகொண்டாள். விசில் ஊதியதும் ரயில் அவளுக்குப் பின்பக்கமாக நகர்ந்தது. வாசற்படியில் நின்றபடியே இத்தனை வருஷமாக அவள் மனசுக்குள் அந்த ரயிலை எதிர்ப்பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டென்று திரும்பி, பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோடு நாலைந்து பெட்டி தூரம் ஓடினாள்.